எர்த்து போல்டில் ஒரு சிவப்புப் பொட்டு

நான் கோபக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "தருமனா? அவனுக்கு மூக்கு மேல கோவமாச்சே" என்பார்கள். அந்தக் கோபத்தில் எத்தனையோ பேரோடு சண்டை போட்டிருக்கிறேன், எதற்கும் பெரிதாக வருந்தியதில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இன்றைக்கும் வருந்துகிறேன். அது, திருவண்ணாமலை அவலூர்ப்பேட்டை ரோட்டில் கார் ஆடியோ கடை வைத்திருந்த ரஹமத்துன்னிசா அக்காவுக்கு நான் செய்தது.

அக்காவின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நடுவே என் கதை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அக்கா 1989-ல் சமீர் பாய்க்கு வாழ்க்கைப்பட்டு ஆரணியிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தவர். சமீர் பாய்க்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. அப்பா அம்மாவை அங்கே விட்டுவிட்டு இங்கே வந்து, அம்பாசிடர் கார்களுக்கும் வேன்களுக்கும் டேப் ரெக்கார்டர் பூட்டிக் கொடுக்கும் கடை போட்டிருந்தார். எரிந்துபோன ஸ்பீக்கர்களைச் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்து வருவார். தலைமுடி கனமே உள்ள செம்புக் கம்பியைக் காகிதக் குழாயில் ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாமல் சுற்றி, கடைப் பேச்சில் 'காயில்' என்று சொல்லும் புதுக் கம்பிச் சுருளைக் கட்டிக் கொடுப்பது அக்காவின் வேலை. அடுப்பில் சோறு வேகும் நேரத்துக்குள் ரெண்டு காயில் முடித்துவிடுவாராம். சோறு சில நாள் குழைந்துபோகும், காயில் ஒரு நாளும் தப்பாது என்று சமீர் பாய் சிரிப்பாராம்.

1996-ல் சமீர் பாய் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனார். கடை ஆறு மாதம் பூட்டிக் கிடந்தது. ஏழாம் மாதம் அக்காவே போய் ஷட்டரைத் தூக்கினார். ஊர் வாய் சும்மா இருக்குமா? "பொம்பள போய் டேஷ்போர்டு அடியில தலைய விட்டுகினு படுக்கப்போறாளா?" என்று கேட்டவர்களில் அடியேனும் ஒருவன்.

எங்கள் வாயை அடைத்தது வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிவந்த ஒரு அதிகாரியின் மாருதி கார். அதில் பின்னால் ரெண்டு சப்வூஃபர் வைத்திருந்தார். சப்வூஃபர் என்றால் அடிச்சத்தத்துக்கு மட்டும் என்று இருக்கும் பெரிய ஸ்பீக்கர். தவிலின் தொப்பிப் பக்கம் அடித்தால் நெஞ்சுக்குள் ஒரு அதிர்வு விழுமே, அந்தச் சத்தம். ஒன்று இருந்தபோது நன்றாகத்தான் இருந்ததாம். ரெண்டாவதைச் சேர்த்த பிறகு சத்தம் குறைந்துவிட்டது. மற்ற கடைக்காரர்கள் எல்லாம், பெரிய ஆம்பிளிஃபயர் வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அக்கா ஒரு டார்ச்லைட் பேட்டரியை எடுத்தார். ரெண்டு ஒயர்த் துண்டை அதன் ரெண்டு முனையில் பிடித்துக்கொண்டு முதல் ஸ்பீக்கரின் முனைகளைத் தொட்டார். அதன் காகித வட்டம் வெளியே துள்ளியது. அதே மாதிரி ரெண்டாவதைத் தொட்டார். அது உள்ளே போனது.

"பாத்தீங்களா சார்? ஒண்ணு மூச்சு விடும்போது இன்னொண்ணு மூச்சு இழுக்குது. இது குடுக்கிறத அது தின்னுடுது" என்றார். ஒரு ஸ்பீக்கரின் ரெண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கட்டினார். பாட்டைப் போட்டதும் பின் சீட்டில் இருந்த அந்த மனிதரின் டிபன் பாக்ஸ் குதித்துக் கீழே விழுந்தது. எவ்வளவு தரணும் என்று கேட்டதற்கு, "ரெண்டு ஒயர மாத்துனதுக்கு இன்னா சார் வாங்கறது? டீ சொல்லுங்க, போதும்" என்றார்.

அந்த டீயில்தான் கடை நிமிர்ந்தது. அந்த மனிதர் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். அதன் பிறகு சேத்துப்பட்டிலிருந்தும் செங்கத்திலிருந்தும்கூட வண்டிகள் வந்தன. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று அலறிக்கொண்டு வருவார்கள். அக்கா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார், பின்னால் ஆடிக்கொண்டிருக்கும் நம்பர் பிளேட்டின் மேல் கையை வைத்து அழுத்துவார், கிர்ர் என்ற சத்தம் நின்றுபோகும். "ஸ்பீக்கரு நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஒரு ஸ்க்ரூ போடுங்க." வேறு யாராவது என்றால் புது ஸ்பீக்கரே தலையில் கட்டியிருப்பார்கள்.

எந்த வண்டி வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா இதுல யாரு கை வெச்சது?" மெஷின் தானாகக் கெட்டுப்போவது கம்மி, யாராவது கை வைத்துக் கெடுவதுதான் ஜாஸ்தி என்பார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்னால் பாதி ரிப்பேர் முடிந்தது என்று கணக்கு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2001-ல் நான் ஒரு பழைய டாடா சுமோ வாங்கி, எங்கள் ஊர் ஸ்டாண்டில் போட்டேன். பதினெட்டு வண்டி நிற்கும் ஸ்டாண்டு. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் என்று சவாரிக்குக் குறைவில்லை. பாட்டு நன்றாக இருக்கும் வண்டியைத்தான் இளவட்டங்கள் தேடிவரும். நான் சும்மா இருப்பேனா? சென்னைக்குப் போய் ரெண்டு பன்னிரண்டு இஞ்ச் சப்வூஃபரும் ஒரு ஆம்பிளிஃபயரும் வாங்கிக்கொண்டு நேரே அக்கா கடைக்குப் போனேன். சத்தத்தில் எங்கள் ஸ்டாண்டே அதிர வேண்டும் என்பது ஆசை.

அக்கா மீட்டரை வைத்து ஸ்பீக்கர்களைப் பார்த்தார். ஆம்பிளிஃபயரின் அடியில் எழுதியிருந்ததைப் படித்தார். தலையை ஆட்டினார். "பொருத்தம் இல்ல தம்பி."

"இன்னாக்கா, ஜாதகமா பாக்கறீங்க? நாலு ஓம் ஸ்பீக்கரு ஒண்ணு, நாலு ஓம் இன்னொண்ணு. சேத்தா எட்டு. ஆம்பிளிஃபயரு நாலுக்கே தாங்கும்னு போட்டிருக்கு."

"தொடர்ச்சியா கட்டுனா எட்டு. அப்ப சத்தம் வராது, நீங்களே வந்து சண்டை போடுவீங்க. பக்கத்துல பக்கத்துல கட்டுனா ரெண்டு."

நாலும் நாலும் ரெண்டா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா கோபப்படவில்லை. "உங்க கெணத்து மோட்டாரு தொட்டியில ஒரு மடை தெறந்தா தண்ணி எவ்ளோ போவும்? ரெண்டு மடை தெறந்தா?" என்று கேட்டார்.

"ஜாஸ்தி போவும்."

"தடுக்கறது கம்மியானா ஜாஸ்தி போவுது, இல்ல? ஓம்ன்றது தடுக்கற கணக்குதான். நீங்க ரெண்டு மடையும் தெறக்கச் சொல்றீங்க. இந்த மோட்டாருக்கு அவ்ளோ தெம்பு கெடையாது. ஒரு மாசத்துல படுத்துக்கும். ஒரு ஸ்பீக்கர் போதும். அத வெக்கற பொட்டிய நான் சரியா கட்டித் தரேன், கேட்டுட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். ஒன்றே ஒன்றுதான், ஆனால் அடி என்றால் அது அடி! வயிற்றுக்குள் உருண்டது. பக்கத்து டயர் கடைக்காரர் எழுந்து வெளியே வந்து பார்த்தார். மிச்சமான சப்வூஃபரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, நல்ல விலைக்கு விற்றுக்கொள்ளுங்கள் என்றார் அக்கா. வியாபாரத்தில் இப்படி ஒரு மனுஷியா என்று எனக்கு ஆச்சரியம்.

ரெண்டு விஷயத்தை அன்றைக்கு அவர் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார். ஆம்பிளிஃபயரில் கெய்ன் என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அது சத்தம் கூட்டும் திருகு இல்லை. டேப்பும் ஆம்பிளிஃபயரும் ஒத்துப்போவதற்காக வைத்தது. அதை இஷ்டத்துக்குத் திருகினால் ஸ்பீக்கர் வெந்துபோகும். இன்னொன்று எர்த்து. ஆம்பிளிஃபயரின் கறுப்பு ஒயர் வண்டியின் இரும்பில் போய்ச் சேரும் இடம். பின் சீட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரியவைத்து, போல்டு போட்டு முறுக்கினார். சுரண்டும்போதே நான் கத்தினேன். "ஐயோ அக்கா, பெயிண்டு!" என்று. "பெயிண்டு மேல கட்டுனா எர்த்து ஆவாது தம்பி. இரும்பும் இரும்பும் தொடணும். நடுவுல ஒண்ணும் இருக்கக்கூடாது" என்றார்.

முடித்ததும் பையிலிருந்து ஒரு சின்ன நெயில் பாலிஷ் புட்டி எடுத்தார். நல்ல சிவப்பு. கெய்ன் திருகின் மேல் ஒரு சொட்டு, எர்த்து போல்டின் தலையில் ஒரு சொட்டு. "என் பொண்ணு தஹ்சீனுக்கு வாங்குனது. ஸ்கூல்ல போடக்கூடாதுன்னுட்டாங்க. இப்ப இதுதான் என் சீலு. இது ஒடஞ்சிருந்தா யாரோ கை வெச்சிட்டாங்கன்னு அர்த்தம்."

ரெண்டு மாதம் ராஜா மாதிரி ஓட்டினேன். ஐப்பசியில் ஆயுத பூஜை வந்தது. வண்டியை உள்ளே வெளியே கழுவ வேண்டாமா? பின் சீட்டைக் கழற்றினேன். ஆம்பிளிஃபயரில் தண்ணீர் பட்டுவிடும் என்று அதையும் கழற்றினேன். அதைக் கழற்ற எர்த்து போல்டையும் கழற்றினேன். கழுவிக் காயவைத்துவிட்டு நான் வாழைக்கன்று வாங்கப் போய்விட்டேன். அந்த நேரத்தில் எங்கள் அம்மா ராணியம்மாள் வண்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைக்க ஆரம்பித்தாள். ஸ்டீயரிங், டயர், ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி ஒன்றையும் விடவில்லை. திரும்பி வந்த நான் அவசரத்தில் எதையும் பார்க்காமல் ஆம்பிளிஃபயரை வைத்து, போல்டைப் போட்டு முறுக்கி, சீட்டை மாட்டினேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுத்தேன். கதை அவ்வளவுதான். அன்றைக்கு மாலையே அது எனக்கு மறந்துபோயிற்று.

கார்த்திகை கழிந்ததும் பாட்டுக்கு நடுவில் ஙொய்ங் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் ஏறும், விட்டால் இறங்கும். கொசு ஒன்று எஞ்சினோடு சேர்ந்து பாடுகிற மாதிரி. அடியும் குறைந்தது. நான் என்ன செய்தேன்? அக்காவிடம் போனேனா? புத்திசாலியாயிற்றே! ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கெய்னைத் திருகிவிட்டேன். கொஞ்சம் சத்தம் வந்தது. மறுபடி குறைந்தது. மறுபடி திருகினேன்.

தை மாதம் ஒரு பெண் வீட்டுச் சவாரி. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை மண்டபத்துக்குக் கல்யாணப் பெண்ணை அழைத்துப் போகிறேன். மாலையும் பூவுமாக வண்டி ஜோடித்திருக்கிறது, பாட்டு போகிறது. பாதி வழியில் பின்னாலிருந்து கருகிய நாற்றம். அப்புறம் புகை. பெண்ணின் அத்தை, "ஐயையோ, வண்டி எரியுதே!" என்று கத்தினாள். எல்லோரும் இறங்கி ஓடினார்கள். கல்யாணப் பெண் பட்டுப் புடவையோடு வேலிகாத்தான் முள்ளில் நின்றாள். சப்வூஃபரின் காயில் வெந்து புகைந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அபசகுனம் என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். என்னை அவர்கள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அந்தத் திட்டை எல்லாம் சுமந்துகொண்டு போய் அக்கா கடையில் இறக்கினேன். அக்கா நான் கத்தி முடிக்கும்வரை நின்றார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கடைசியா இதுல யாரு கை வெச்சது தம்பி?"

"யாரும் வெக்கல! உங்களத் தவிர எவனும் தொடல!"

"வண்டியக் காட்டுங்க, பாத்துடலாம்."

"ஒரு தடவ பாத்ததே போதும்!" என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தேன். பதினெட்டு வண்டிக்காரர்களும் கேட்க நடுவில் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன். பொம்பளை கை வைத்த வண்டி, கல்யாணப் பெண்ணோடு எரியப் பார்த்தது, இனிமேல் எவனாவது அந்தக் கடைக்குப் போனால் என் முகத்தில் முழிக்காதே என்று.

ஒரு வாய் நூறு வாய் ஆனது. ஸ்டாண்டு வண்டிகள் போவது நின்றது. எங்களைப் பார்த்து வெளியூர் வண்டிகளும் நின்றன. மாசி பிறந்தபோது அக்கா கடையில் ஒரு நாளைக்கு ஒரு வண்டிகூட வருவதில்லை என்று டயர் கடைக்காரர் சொன்னார். வாணியம்பாடியிலிருந்து மாமியார், கடையை மூடிவிட்டுப் பிள்ளையோடு இங்கே வந்து இரு என்று ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். ஷார்ஜாவிலிருந்து சமீர் பாயும் போனில் அதையேதான் சொன்னாராம். நல்லா வேணும் என்று நான் டீ குடித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் குடித்தேன்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். திருவண்ணாமலையிலிருந்து வந்த டவுன் பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கினார். ஒரு தோளில் டூல்ஸ் பை, இடுப்பில் ஒரு பழைய வூஃபர். நேரே ஸ்டாண்டு தலைவர் அப்பாசாமியிடம் போனார். அப்பாசாமி ஐம்பது வயது மனிதர், அவர் பேச்சுக்கு ஸ்டாண்டில் மறுபேச்சு கிடையாது.

"அண்ணே, தருமன் வண்டிய எல்லார் எதிர்லயும் தெறந்து பாக்கறேன். தப்பு எங்க இருக்குதுன்னு காட்டறேன்."

"உன் தப்பா இருந்தா இன்னாம்மா பண்ணுவ?"

அக்கா இடுப்பில் சொருகியிருந்த கடைச் சாவியை எடுத்து என் சுமோவின் பானெட் மேல் வைத்தார். "கடைய மூடிட்டு வாணியம்பாடி போயிடறேன்."

"உன் தப்பு இல்லன்னா?"

"எனக்கு ஒண்ணும் வோணாம். பழையபடி வண்டிங்க வந்தா போதும்."

கூட்டம் கூடிவிட்டது. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் உதறல்தான். ஆனால் வீம்பு விடுமா? கதவைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா வெந்த சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்த வூஃபரை மாட்டினார். எஞ்சினைப் போட்டுப் பாட்டை வைக்கச் சொன்னார். ஙொய்ங் என்று கொசு பாடியது. மீட்டரின் ஒரு ஒயர்க் குச்சியை பேட்டரியின் மைனஸில் ஒரு பையனைப் பிடிக்கச் சொல்லி, நீள ஒயர் இழுத்து, மறு குச்சியை ஆம்பிளிஃபயரின் எர்த்து முனையில் வைத்தார். "எர்த்து நல்லா இருந்தா முள்ளு அசையவே கூடாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒவ்வொரு அடிக்கும் முள் ரெண்டு வோல்ட் வரை எழும்பி எழும்பி விழுந்தது.

அப்போது எங்கள் அம்மா வந்தாள். ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. பாய் வீட்டுப் பொண்ணு வெயிலில் வந்து நிற்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொம்பு மோரோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

அக்கா பின் சீட்டைத் தூக்கினார். உள்ளே குனிந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். போல்டின் தலையில் இருந்த சிவப்பு ரெண்டாகப் பிளந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடம் தெரிந்தது. அக்கா போல்டைக் கழற்றி, கறுப்பு ஒயரின் வளையத்தைத் தூக்கினார். அடியில், பளபளவென்று இருக்க வேண்டிய இரும்பின் மேல் காய்ந்துபோன மஞ்சள், கட்டியாக. அதன் ஓரமெல்லாம் துரு. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே எங்கள் வீட்டு மஞ்சள் உட்கார்ந்திருந்தது.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை, வாழைக்கன்று, அவசரம். காதெல்லாம் சூடாகிவிட்டது.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் விரல்களில் அன்றைக்கும் மஞ்சள் இருந்தது. சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, யாரும் சரியாகப் பார்ப்பதற்குள் அந்த மஞ்சளைத் துடைத்தெடுத்துக் கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"எர்த்து சரியில்லண்ணே. அதான்" என்றார்.

"சரி, அது யார் தப்பு?" என்றார் அப்பாசாமி.

அக்கா ஸ்பேனரை எடுத்துப் பையில் போட்டார்.

"கேக்கறேன் இல்ல? எர்த்து கட்டுனது யாரு?"

"நான்தாண்ணே கட்டுனேன்."

அது பொய் இல்லை. முதலில் கட்டியது அவர்தான். உடைந்த சீல் அவர் கண் முன்னாலேயே இருந்தது. ஒரு விரலை நீட்டிக் காட்டியிருந்தால் போதும், கடை பிழைத்துக்கொள்ளும். காட்டவில்லை. அப்பாசாமி பெருமூச்சு விட்டு, பானெட் மேலிருந்த சாவியை எடுத்தார். நானோ? இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியவன், அந்த நேரம் பார்த்து வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படும் நேரம் அதுதான்.

"யம்மாடி, அந்தத் துணியக் காட்டு" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா, துரு" என்றார் அக்கா.

அம்மா விடவில்லை. மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்து விரித்தாள். துணியில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. அம்மாவுக்கு மின்சாரம் தெரியாது, ஓம் தெரியாது. ஆனால் யாரோ தனக்காக எதையோ மறைக்கிறார்கள் என்பது தெரியாதா?

"இது நான் வெச்சது" என்றாள். "ஆயுத பூஜை அன்னிக்கு. கழட்டிப் போட்டிருந்த அந்த போல்ட்டு தலையில செகப்பா பொட்டு வெச்சிருந்துது. அட, இந்தப் பொண்ணு நம்ம வண்டிக்குப் பொட்டு வெச்சி அனுப்பியிருக்குதே, எவ்ளோ நல்ல மனசுன்னு நெனச்சேன். வெறும் குங்குமம் மட்டும் இருந்தா எப்படி, மஞ்சளும் வேணாவா? பக்கத்துல பாத்தா பெயிண்டு உரிஞ்சு காயம் மாதிரி இருந்துது. காயத்துக்கும் ஆச்சு, பூஜைக்கும் ஆச்சுன்னு நல்லா தடவிட்டேன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"டேய் தருமா, கழட்டுனது நீதானடா? மாட்டுனதும் நீதானடா? அவ தலையில பழி விழுதே, பாத்துகினு நிக்கற. வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"நான்தான்" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

அக்கா அப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபம் இருந்தது, இல்லாமல் என்ன. கண் கலங்கியும் இருந்தது. ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. "கெய்னு கம்மியா இருக்குது தம்பி" என்றார். "அன்னிக்கு இதே எடத்துல நின்னு எவ்ளோ வெச்சீங்க? அதே அளவு வைங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் ஸ்டாண்டின் நடுவுக்குப் போனேன். அன்றைக்குக் கத்திய அதே இடத்தில் நின்று, அதே சத்தத்தில் கத்தினேன்: "தப்பு என்னுது! எர்த்தக் கழட்டுனது நான், கெய்னத் திருகுனது நான், பொய் சொன்னதும் நான்! அக்கா மேல ஒரு தப்பும் இல்ல!" கத்தக் கத்த நெஞ்சு லேசானது. கடைசியில் அழுதுவிட்டேன். கோபக்காரன் அழுதால் பார்க்கச் சகிக்காது என்பார்கள், யார் பார்த்தால் என்ன.

அப்பாசாமி சாவியைத் துண்டில் துடைத்து, ரெண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தார். "என் வண்டியிலயும் ஒரு கொசு பாடுதும்மா. நாளைக்குக் காத்தால எடுத்துகினு வரேன்" என்றார்.

அக்கா சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு மறுபடி குனிந்தார். உப்புத்தாளால் இரும்பைத் தேய்த்தார், வளையத்தைத் தேய்த்தார், வெள்ளியாய் மின்னும்வரை. போல்டைப் போட்டு முறுக்கினார். பாட்டை வைக்கச் சொன்னார். மீட்டரின் முள் படுத்த இடத்தில் படுத்தே கிடந்தது. கொசு செத்துப்போயிருந்தது. கெய்னைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ரெண்டு இடத்திலும் புதிதாகச் சிவப்பு வைத்தார், ஊதி ஊதிக் காயவைத்தார்.

பிறகு ஓரமாக ஒடுங்கி நின்ற அம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா, இங்க வாங்க. நான் முறுக்கி முடிச்சிட்டேன். இப்ப வைங்க மஞ்சள். எவ்ளோ வோணும்னாலும் வைங்க."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு ஆள் அனுப்பி மஞ்சள் கொண்டுவரச் சொல்லி, குழைத்து, அந்தப் போல்டின் தலை மேல் வைத்தாள். வைத்த கையோடு அக்காவின் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். அக்காவின் கன்னமெல்லாம் மஞ்சள். அதைத் துடைக்காமலே பஸ் ஏறிப் போனார்.

அன்றையிலிருந்து அக்கா கடையில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் டப்பாவும் வந்துவிட்டது. எர்த்து முறுக்கியதும், வண்டியோடு வந்திருக்கும் அம்மாவையோ வீட்டுக்காரியையோ கூப்பிட்டு, "இப்ப வைங்க" என்பார். வேங்கிக்காலில் பெரிய கடையாக மாறிய பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. தஹ்சீன் காலேஜ் போனாள், சமீர் பாய் திரும்பி வந்து அக்கா சொன்னபடி வேலை செய்தார்.

2009-ல் நான் அந்தச் சுமோவை விற்றேன். வாங்கிய ஆள் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, போல்டு மேல் என்ன இவ்வளவு மஞ்சள் என்று கேட்டான். ஏழு ஆயுத பூஜைக்கு அம்மா வைத்தது, அடுக்கடுக்காக ஏறிப் போல்டின் தலையே தெரியவில்லை. அம்மா போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"அதுல மட்டும் கை வெக்காத" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை.